புள்ளியும் தாளும் சேரும் இடம்: கிராஃபீன், குவாண்டம் புள்ளி ஒளியுணரி செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மழை பிடித்த நாளில் கிராஃபீனை, அதாவது ஓரணுத் தடிமன் கார்பன் தாளை, சிப்பின் மேல் மாற்றி வைக்கும் வேலையைத் தொடாதீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் வருடத்தில் பாதி நாள் கையைக் கட்டி உட்கார வேண்டியதுதான் என்று சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் இந்த வேலையில் நான் இறங்கிய முதல் வருடம் பாழாக்கிய 11 சிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு காரணம் தேடியபோது, பாதிக்கு மேல் ஒரே குற்றவாளிதான்: அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர்.

போன மாதம் கெலுகோரில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் தம்பி ஒருவன், "அக்கா, கட்டுரை எல்லாம் படிச்சாச்சு, ஆனா எதை முதல்ல வைக்கணும், எதை கடைசில வைக்கணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றான். உண்மைதான். கட்டுரைகளில் வேலை முடிந்த சாதனத்தின் படம் இருக்கும், வழியில் உடைந்தவற்றின் படம் இருக்காது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எதற்காகக் கலக்க வேண்டும்?

நானோ பொருள்களை எத்தனை திசையில் எலக்ட்ரான் ஓட முடியும் என்பதை வைத்துப் பிரிக்கிறோம். குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள அரைகடத்தித் துகள், அதில் எந்தத் திசையிலும் ஓட முடியாது, அதனால் பூஜ்யப் பரிமாணம். கார்பன் நானோகுழாயில் குழாயின் நீளவாக்கில் மட்டும் ஓடலாம், அது ஒரு பரிமாணம். கிராஃபீன், மாலிப்டினம் டைசல்பைடு போன்ற ஓரணு, மூவணுத் தடிமன் தாள்களில் இரு பரிமாணம். நமக்குப் பழகிய சிலிக்கான் வேஃபர் முப்பரிமாணம். கடுகு, இடியாப்பம், தோசை, அம்மிக்கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கணக்குச் சரியாக வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டிக்காரத்தனம், ஒரு கையாலாகாத்தனம். கிராஃபீனில் மின்னோட்டம் பறக்கும், ஆனால் தன்மேல் விழும் ஒளியில் வெறும் 2.3 சதவீதத்தைத்தான் உறிஞ்சும், மிச்சமெல்லாம் கண்ணாடி வழியாகப் போவதுபோலப் போய்விடும். ஈய சல்பைடு குவாண்டம் புள்ளிகள் நேர்மாறு. ஒளியை நன்றாக உறிஞ்சும், அதுவும் எந்த நிற ஒளி என்பதைப் புள்ளியின் அளவை வைத்தே நாம் தீர்மானிக்கலாம். சுமார் 3 நானோமீட்டர் புள்ளி 950 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உறிஞ்சத் தொடங்கும், 5 நானோமீட்டரைத் தாண்டினால் 1500 பக்கம் போய்விடும். சிலிக்கான் 1100 நானோமீட்டரோடு கண்ணை மூடிக்கொள்கிறது என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். ஆனால் புள்ளியிலிருந்து புள்ளிக்கு எலக்ட்ரான் தாவிப் போவது நத்தை நடை.

ஆக, ஒளியைப் பிடிக்கும் வேலை புள்ளிக்கு, மின்னோட்டத்தைச் சுமக்கும் வேலை தாளுக்கு. 2012இல் பார்சிலோனாவின் இக்ஃபோ ஆய்வு நிலையத்தில் இந்த இரண்டையும் சேர்த்து, ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) சுமார் 10 கோடி எலக்ட்ரான் என்ற அளவுக்குப் பெருக்கம் காட்டினார்கள். அதே குழு 2017இல் 388க்கு 288 பிக்சல் கொண்ட கேமரா உணரியையே சாதாரண சிலிக்கான் சிப்பின் மேல் செய்துவிட்டது.

அந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒளி பட்டதும் புள்ளிக்குள் ஓர் எலக்ட்ரானும் ஒரு மின்துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம், நேர்மின்னூட்டம் போல நடக்கும்) பிரிகின்றன. மின்துளை கிராஃபீனுக்குள் இறங்கிவிடும். எலக்ட்ரான் புள்ளியிலேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய எலக்ட்ரான் அங்கே இருக்கும்வரை கிராஃபீனில் ஒரு மின்துளை குறையாமல் இருந்தாக வேண்டும். ஒன்று அந்த முனையில் வெளியேறினால் இன்னொன்று இந்த முனையில் உள்ளே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடத்தின், அதாவது இரு மின்முனைக்கு நடுவிலுள்ள கிராஃபீனின், நீளம் 5 மைக்ரோமீட்டர், நகர்திறன் (மின்துளை எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதன் அளவு) 2000 செ.மீ²/வோல்ட்-வினாடி, மின்னழுத்தம் அரை வோல்ட் என்றால் ஒரு மின்துளை தடத்தைக் கடக்க ஆகும் நேரம் கால் நானோவினாடி. எலக்ட்ரான் 10 மில்லிவினாடி சிக்கியிருந்தால், அதற்குள் 4 கோடி தடவை ஓடி முடித்திருக்கும். இதில் மந்திரம் எதுவும் இல்லை, இரண்டு நேரங்களை வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். ஆனால் இதற்கு விலை உண்டு. எலக்ட்ரான் சிக்கியிருக்கும் நேரமே சாதனத்தின் வேகத்தையும் தீர்மானிக்கும். 4 கோடி பெருக்கமும் வேண்டும், கிகாஹெர்ட்ஸ் வேகமும் வேண்டும் என்றால் அது இந்தக் கடையில் கிடைக்காது.

படி 1: வரிசையைத் தாளில் எழுதுங்கள்

வேலையே இங்கேதான் பாதி. எது சூட்டையும் கரைப்பானையும் தாங்கும், எது தாங்காது என்று பார்த்து, தாங்குவதை முதலில் வைத்து, தாங்காததைக் கடைசியில் வையுங்கள். சிலிக்கான் எதையும் தாங்கும். கிராஃபீன் அசிட்டோனையும், வெற்றிடத்தில் 300 டிகிரியையும் தாங்கும், ஆனால் ஆக்சிஜன் பிளாஸ்மா பட்டால் காணாமல் போய்விடும். ஈய சல்பைடு புள்ளிகள் 100 டிகிரியைத் தாண்டினாலே ஒன்றோடொன்று ஒட்டித் தன் குணத்தை இழக்க ஆரம்பிக்கும், ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளியால் வடிவம் வரையப் பூசும் பிசின்) வேலைகளும் அவற்றுக்கு ஆகாது. ஆகவே சிப், கிராஃபீன், தங்க மின்முனை, அப்புறம் புள்ளிகள், கடைசியில் மூடி. புள்ளிகளை வைத்துவிட்டு அதன் மேல் மின்முனை போட ஆசைப்பட்டு நான் இழந்த சிப்புகள் மூன்று.

படி 2: சிப்

நன்றாக டோப் செய்த (மின்சாரம் நன்றாக ஓட வேற்றணு கலந்த) சிலிக்கான், அதன் மேல் 285 அல்லது 300 நானோமீட்டர் ஆக்சைடு. இந்தத் தடிமனில்தான், ஒளி மேலும் கீழும் பட்டுத் திரும்பும் குறுக்கீட்டால், ஓரணுத் தடிமன் கிராஃபீன்கூட சாதாரண நுண்ணோக்கியில் வெளிர் ஊதாவாகத் தெரியும். வேறு தடிமன் வாங்கினால் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது மாதிரி (90 நானோமீட்டர் மட்டும் விதிவிலக்கு, அதிலும் தெரியும்). அசிட்டோன், ஐசோபுரொப்பனால், நைட்ரஜன் ஊதல், சில நிமிடம் ஆக்சிஜன் பிளாஸ்மா. அதன்பின் 150 டிகிரி ஹாட் பிளேட்டில் பத்து நிமிடம் வைத்து, ஆறியவுடன் நேராக உலர் பெட்டிக்குள்.

படி 3: கிராஃபீனை மாற்றுவது

சின்னச் சின்னச் செதில் போதும், ஒரே ஒரு சாதனம்தான் செய்யப்போகிறேன் என்றால் கிராஃபைட்டிலிருந்து உரிக்கும் ஒட்டுநாடா முறை போதும். கெய்மும் நோவோசெலோவும் 2004இல் மான்செஸ்டரில் செய்ததே அதுதான், 2010இல் நோபல் வந்ததும் அதற்குத்தான். ஆனால் ஒரு சிப்பில் இருபது சாதனம் வேண்டுமானால் தாமிரத் தகட்டில் வளர்த்த கிராஃபீனை வாங்குங்கள்.

தகடு 25 மைக்ரோமீட்டர் தடிமன் இருக்கும். இரண்டு பக்கமும் கிராஃபீன் வளர்ந்திருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்தில் பி.எம்.எம்.ஏ. (கிராஃபீனைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக்) பூசிக் காய வைத்து, பின்பக்கக் கிராஃபீனை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரித்துவிடுங்கள். இல்லையென்றால் அது கிழிந்த துணி மாதிரி முன்பக்கத்தோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அமோனியம் பெர்சல்பேட் கரைசலில், லிட்டருக்கு 23 கிராம் கணக்கில், தாமிரம் கீழே இருக்கும்படி மிதக்க விடுங்கள். சில மணி நேரத்தில் தாமிரம் கரைந்து கரைசல் இளநீலமாகும்.

இனிமேல் வருவதுதான் கைவேலை. தாமிரம் போனபின் மிதப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு படலம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஓரம் மட்டும் மினுங்கும். ஆறிய பாலின் மேல் ஆடையைக் கிழியாமல் எடுத்திருக்கிறீர்களா? அதே பக்குவம். மேலிருந்து தொடக்கூடாது, சுத்தமான கண்ணாடித் தட்டைச் சாய்வாகக் கீழே நுழைத்து, படலத்தின் ஒரு ஓரம் தட்டில் பிடித்ததும் மெதுவாகத் தூக்க வேண்டும். அயனி நீக்கிய தண்ணீரில் மூன்று தடவை இடம் மாற்றுங்கள், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமாவது. நாலாவது தடவை சிப்பாலேயே ஏந்தி எடுங்கள்.

எடுத்தவுடன் சூடு பண்ணாதீர்கள். என் பாழான சிப்புகளின் கதை இங்கேதான் தொடங்கியது. அவசரத்தில் ஈரத்தோடு 150 டிகிரியில் வைத்தேன். அடியிலிருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி தேடி, படலத்தைச் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தூக்கிக் கிழித்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி. சரியான வழி, சிப்பைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகச் சாய்த்து வைத்து இரவு முழுக்கத் தண்ணீரை வடிய விடுவது. வெளியே ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஊரில் சும்மா மேசையில் வைத்தால் வடியும், காயாது. அதனால் உலர் பெட்டி, அல்லது வெற்றிடக் குடுவை. மறுநாள் 80 டிகிரி, அப்புறம் 150. அதற்குப் பின்தான் அசிட்டோனில் பி.எம்.எம்.ஏ.வைக் கரைப்பது.

இப்போது ராமன் நிறமாலை பாருங்கள் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் அளவீடு). ராமன் அளவுகோலில் 1580 பக்கத்தில் ஒரு முகடு, 2700 பக்கத்தில் அதைவிட இரண்டு மடங்காவது உயர்ந்த, ஒற்றையான முகடு இருந்தால் ஓரடுக்கு. 1350 பக்கத்தில் ஒன்று தலை தூக்கினால் அது குறைபாடு. கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. 1580 முகட்டில் பாதி உயரம் வந்துவிட்டதென்றால் அந்தச் சிப்பைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மின்முனை, அதோடு முதல் அளவீடு

5 நானோமீட்டர் டைட்டானியம், 50 நானோமீட்டர் தங்கம். லிஃப்ட்-ஆஃப் (வேண்டாத தங்கத்தை அடியிலிருக்கும் ரெசிஸ்டோடு உரித்தெடுப்பது) செய்யும்போது அல்ட்ராசானிக் வேண்டாம், அசிட்டோனில் ஊற வைத்து பிப்பெட்டால் மெதுவாகப் பீய்ச்சினால் போதும். தடத்துக்கு வெளியே இருக்கும் கிராஃபீனை ரெசிஸ்டால் மறைத்துப் பிளாஸ்மாவில் வெட்டிவிடுங்கள்.

இங்கே நிறுத்துங்கள். அளக்காமல் மேலே போகக்கூடாது. ஆய்வகத்துக்கு வருவதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். 1972இலிருந்து சிப் கட்டும் ஊர் அது. அங்கே ஒரு நிலையத்தில் சோதித்துப் பதியாமல் எந்தத் தட்டும் அடுத்த நிலையத்துக்குப் போகாது, போனால் மேலாளர் முகத்தைப் பார்க்க முடியாது. ஆய்வகம் வந்ததும் அந்தப் பழக்கத்தை எப்படித்தான் மறந்தேனோ, எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே தடவை அளந்தேன். செத்த சிப் எந்தப் படியில் செத்தது என்று கடைசியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

புரோப் ஸ்டேஷனில் (ஊசிமுனையால் சிப்பைத் தொட்டு அளக்கும் மேசை) முதலில் கேட் கசிவு. கேட் என்றால் இங்கே ஆக்சைடுக்கு அடியிலுள்ள சிலிக்கான், அதில் வோல்டேஜ் கொடுத்துக் கிராஃபீனின் மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நானோ ஆம்பியருக்கு மேல் கசிந்தால் அந்தச் சாதனத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் கேட் வோல்டேஜை எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு ஓட்டுங்கள். மின்னோட்டம் இறங்கி, ஓர் இடத்தில் அடிமட்டம் தொட்டு, மறுபடி ஏறும். அந்த அடிமட்டம்தான் டிராக் நிலை. உத்தமமான கிராஃபீனில் அது பூஜ்ய வோல்ட்டில் இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் தண்ணீரும் ஆக்சிஜனும் பி.எம்.எம்.ஏ. எச்சமும் சேர்ந்து அதை நேர்மறைப் பக்கம் தள்ளியிருக்கும். வெற்றிடத்தில் 200 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் திரும்பி வரும். முன்னே ஓட்டும்போது ஒரு இடம், பின்னே ஓட்டும்போது இன்னொரு இடம் என்று வளைவு இரண்டாகப் பிரிந்தால், ஈரம் இன்னும் போகவில்லை. இந்த வளைவைச் சிப்பின் எண்ணோடு சேமித்து வையுங்கள், பின்னால் இதுதான் சாட்சி.

படி 5: புள்ளிகள்

நீங்களே தயாரிக்கலாம், வாங்கவும் செய்யலாம். முதல் தடவைக்கு வாங்குவதே புத்திசாலித்தனம். சூடான கரைசலில் மூலப்பொருளைப் பாய்ச்சிச் சீரான அளவில் புள்ளி வளர்க்கும் முறையை 1993இல் காட்டிய பவெண்டி 2023இல் வேதியியல் நோபல் பகிர்ந்துகொண்டார் என்றால், அது மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற காரியம் இல்லை என்று தெரிகிறதல்லவா.

பாட்டிலில் வரும் புள்ளிகளைச் சுற்றி ஓலிக் அமிலத்தின் நீண்ட வால்கள் போர்த்தியிருக்கும். கரைசலில் ஒட்டாமல் மிதக்க அது வேண்டும். ஆனால் சாதனத்தில் அந்த வால் ஒரு காப்பு மதில், மின்துளை கிராஃபீனைத் தொட விடாது. அதனால் ஒவ்வோர் அடுக்கு வைத்ததும் நீண்ட வாலைக் கழற்றிக் குட்டை வாலை மாட்ட வேண்டும். ஆக்டேனில் கரைத்த புள்ளிகளை ஸ்பின் கோட்டரில் பூசுங்கள். அசிட்டோநைட்ரைலில் கலந்த ஈத்தேன்டைதயாலை மேலே ஊற்றி 30 வினாடி விட்டுச் சுழற்றுங்கள். வெறும் அசிட்டோநைட்ரைலால் கழுவுங்கள், ஆக்டேனாலும் ஒரு முறை. இது ஒரு சுற்று, சுமார் 20 நானோமீட்டர் வரும். நாலு சுற்றுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 80, 100 நானோமீட்டரைத் தாண்டினால் மேலே பிறந்த மின்துளை கிராஃபீன் வரை நடந்து வருவதற்குள் வழியிலேயே மடிந்துவிடும். சொட்டு விட்டுக் காய வைக்கலாமே என்று கேட்காதீர்கள். காப்பிக் கோப்பை வைத்த இடத்தில் விழும் வளையம் போலப் புள்ளிகள் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும், நடுவில் தடத்தின் மேல் ஒன்றும் இருக்காது.

ஈத்தேன்டைதயால் பற்றி ஒரு வார்த்தை. சமையல் வாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று சேர்க்கும் நாற்றச் சரக்கின் பங்காளி இது. ஒருநாள் பீக்கரை ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே எடுத்துத் தொட்டியில் கழுவினேன், ஒரே நிமிடம்தான். கீழ்த்தளத்திலிருந்து காவலர் ஓடி வந்து, வாயு கசிவு என்று மாடி முழுக்க ஆளை இறக்கிவிட்டார். அன்றிலிருந்து, பட்ட கண்ணாடியெல்லாம் ஹூட்டுக்குள்ளேயே நீர்த்த பிளீச்சில் ஊறிய பிறகுதான் வெளியே வரும் (பிளீச் பக்கத்தில் அமிலம் எதுவும் இருக்கக்கூடாது). புள்ளிகளில் இருப்பது ஈயம் என்பதையும் மறக்காதீர்கள். கையுறை, கழிவுக்குத் தனிப் பாட்டில், தொட்டியில் ஒரு சொட்டு கூடாது.

முடிந்தால் இந்தப் படி முழுவதையும் நைட்ரஜன் நிரம்பிய கிளவ் பாக்ஸில் செய்யுங்கள். இல்லாவிட்டால் குளிரூட்டியும் ஈரநீக்கியும் காலையிலிருந்தே ஓடிய அறையில், வேகமாக.

படி 6: ஒளியில் அளப்பது

முதலில் இருட்டில் டிராக் வளைவை எடுங்கள். அப்புறம் ஒளியில். புள்ளிகளில் சிக்கிய எலக்ட்ரான்கள் கிராஃபீனுக்கு மேலே வைத்த எதிர்மறை கேட் போல வேலை செய்வதால், ஒளியைக் கூட்டக் கூட்ட டிராக் நிலை நேர்மறைப் பக்கம் நகர வேண்டும். அதாவது டிராக் நிலைக்கு இடப்பக்கம் ஒளி பட்டால் மின்னோட்டம் ஏறும், வலப்பக்கம் இறங்கும். இந்தக் குறிமாற்றம் தெரிந்தால்தான் புள்ளியும் தாளும் நிஜமாகவே பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறினால் சந்தேகப்படுங்கள், கேட் கசிவோ சூடோ விளையாடுகிறது.

ஒளித்திறனை அளப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். லேசரின் மொத்தத் திறனைச் சாதனத்தின் மேல் விழுந்த திறனாக எடுத்துக்கொள்ளக்கூடாது, கற்றையின் பரப்பில் உங்கள் தடத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். 1100 நானோமீட்டருக்கு மேல் சிலிக்கான் அளவியை நம்பாதீர்கள், ஜெர்மானியம் வேண்டும். ஒளி கூடக்கூடப் பெருக்கம் குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சிக்கும் இடங்கள் நிரம்பிவிட்டன, அவ்வளவுதான். ஆகவே ஒரே ஓர் எண்ணைப் பெருமையாக எழுதாமல், எந்த ஒளித்திறனில் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஒளியை அணைத்த பிறகும் மின்னோட்டம் நிமிடக்கணக்கில் இறங்காமல் இழுத்தால், கேட்டில் ஒரு குட்டித் துடிப்பு கொடுத்துப் பாருங்கள், சிக்கியவை வெளியேறும்.

வேறு ஜோடிகள்

கிராஃபீனுக்குப் பட்டை இடைவெளி (மின்னோட்டத்தை அணைக்க உதவும் ஆற்றல் இடைவெளி) இல்லாததால் இருட்டிலும் மின்னோட்டம் நிற்காது. அது தொல்லையென்றால் கிராஃபீன் இடத்தில் மாலிப்டினம் டைசல்பைடு போடலாம். ஓரடுக்கில் சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு, கேட்டால் அணைத்துவிடலாம். நகர்திறன் குறையும், அது பேரம். ராமனில் 385, 404 பக்கம் வரும் இரு முகடுகளின் இடைவெளி 19 என்றால் ஓரடுக்கு, 25 என்றால் கனத்த செதில்.

நானோகுழாயையும் இதே தாளோடு சேர்க்கலாம். குழாய் மின்துளைப் பக்கம், தாள் எலக்ட்ரான் பக்கம், இரண்டும் தொடும் இடத்தில் கேட்டால் திருப்பக்கூடிய டயோடு கிடைக்கும். 2016இல் பெர்க்லியில் ஒரு நானோகுழாயையே 1 நானோமீட்டர் கேட்டாக வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். வாங்கும்போது அரைகடத்திக் குழாய்களைப் பிரித்தெடுத்த கரைசலா என்று பாருங்கள். பிரிக்காத சரக்கில் மூன்றில் ஒன்று உலோகக் குணம் கொண்டது, ஒன்றிரண்டு குறுக்கே கிடந்தாலே எல்லாம் ஷார்ட்.

இப்படி யாரோடு யாரையும் சேர்க்க முடிவதற்குக் காரணம், இந்தத் தாள்களின் மேற்பரப்பில் தொங்கும் பிணைப்புகள் (வேறு அணுவைத் தேடி நீளும் கைகள்) இல்லை, வான் டெர் வால்ஸ் என்ற மெல்லிய ஈர்ப்பே ஒட்டுகிறது. எல்.இ.டி.க்குச் சபையர் மேல் கேலியம் நைட்ரைடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள், அணு அடுக்கில் 16 சதவீதப் பொருத்தமின்மையோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டினார்கள் என்று சொல்வார்கள்.

படி 7: மூடி

புள்ளிகள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சில நாளிலேயே மாறிவிடும். அணு அடுக்குப் படிவு முறையில் 100 டிகிரிக்குக் கீழே அலுமினியம் ஆக்சைடு, சில பத்து நானோமீட்டர். அந்த இயந்திரம் இல்லையென்றால் கிளவ் பாக்ஸுக்குள் கண்ணாடித் துண்டும் எப்பாக்ஸியும் போதும், தங்க முனைகளை மட்டும் வெளியே விடுங்கள்.

மூடியவுடன் ஒரு தடவை அளந்து, சிப்பை வேண்டுமென்றே சாதாரண மேசையில் ஒரு வாரம் விடுங்கள், உலர் பெட்டியில் வேண்டாம். எட்டாம் நாள் அதே வோல்டேஜில், அதே இருட்டில் அளந்து, படி 4இல் சேமித்த வளைவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடியவுடன் அளந்ததிலிருந்து டிராக் நிலை ஓரிரு வோல்ட் நகர்ந்திருந்தால் சரி. இருபது வோல்ட் நகர்ந்திருந்தால் எப்பாக்ஸியின் ஓரத்தை நுண்ணோக்கியில் வைத்துத் தேடுங்கள், எங்கேயோ ஓட்டை இருக்கிறது.